தினம் ஒரு குட்டிச் சதுரம்: 31 நாள் கோடு போடுற சவால்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு கோடிங் கிடையாது, ஏஐ கிடையாது. ஒரு பேனா, ஒரு பென்சில், உள்ளங்கை அளவு சதுரக் காகிதம், அவ்வளவுதான். அக்டோபர் வந்தாலே இதை வைத்துக்கொண்டு தினம் ஒண்ணுன்னு மாசம் முழுக்க வரையுறவங்க பல நாடுகள்ல இருக்காங்க. ஆள், மரம், வீடு எதுவும் வரையுறதில்லை. சின்னச் சின்னக் கோடு, வளைவு, வட்டம். அதையே திரும்பத் திரும்பப் போட்டு அந்தச் சதுரத்தை நிரப்புறாங்க. இதுக்குப் பேர் ஸென்டேங்கிள்.

மூணு விஷயம் பேசப்போறேன். இது எங்கேர்ந்து வந்தது, கையால எப்படிப் போடுறது, தினமும் போடணும்னு ஆரம்பிக்கிறவங்க எங்கே மாட்டிக்கிறாங்க. மூணாவது விஷயத்துக்காகத்தான் இந்த எபிசோடே. ஆனா முதல் ரெண்டும் தெரியாம அது புரியாது. அதனால வரிசையாவே போவோம்.

எங்கேர்ந்து வந்தது?

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே மரியா தாமஸ், ரிக் ராபர்ட்ஸ்னு ஒரு தம்பதி. மரியா அழகெழுத்துக் கலைஞர். ரிக் முன்னாடி துறவி வாழ்க்கை வாழ்ந்தவர். 2000-களோட தொடக்கத்துல ஒருநாள், மரியா ஒரு பெரிய எழுத்தைச் சுத்தி பின்னணி பேட்டர்ன் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அப்போ நேரம் போனதே தெரியல, மனசு அலையல, ஆனா தூக்கமும் வரலைன்னு அந்த அனுபவத்தை ரிக்கிட்ட சொல்லியிருக்காங்க. நீ சொல்றது தியானத்தைத்தான்னு அவர் சொன்னாராம். அங்கேர்ந்துதான், எழுத்து தெரியாதவங்களும், வரையத் தெரியாதவங்களும் இதே இடத்துக்குப் போற மாதிரி ஒரு முறை உண்டாக்கலாமேன்னு ரெண்டு பேரும் யோசிச்சிருக்காங்க.

பேரைப் பார்த்தாலே புரியும். ஸென், டேங்கிள். டேங்கிள்னா சிக்கு. ஒவ்வொரு பேட்டர்னுக்கும் 'டேங்கிள்'னுதான் பேர். இன்னொரு தகவல்: ஸென்டேங்கிள்ங்கிற பேர் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. அதைச் சொல்லிக்கொடுக்க சான்றிதழ் வாங்கின ஆசிரியர்கள் இருக்காங்க, தனியா பேப்பர், பேனா செட் எல்லாம் விக்குது. ஆனா காகிதத்துல வளைவு போட யார்கிட்டயும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. இதை ஏன் சொல்றேன்னா, செட் விலையைப் பார்த்துட்டு 'இது நமக்கில்லை'ன்னு நிறைய பேர் நகர்ந்துடுறாங்க.

'தினம் ஒண்ணு' எங்கேர்ந்து வந்து ஒட்டிக்கிச்சு? அது வேற கதை. ஜேக் பார்க்கர்னு ஒரு அமெரிக்க ஓவியர், மையில வரையுற தன்னோட கையைப் பழக்க, 2009-ல அக்டோபர் மாசம் 31 நாளும் ஒரு படம்னு வெச்சுக்கிட்டார். இங்க்டோபர்னு பேர். அது பரவி, டேங்கிள் போடுறவங்களும் அதே மாசத்துல நாளைக்கு ஒரு பேட்டர்ன்னு பட்டியல் போட்டுக்கிட்டு வரைய ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் அவசரமே இல்லாத ஒரு முறை. இன்னொரு பக்கம் 31 நாள் டெட்லைன். ரெண்டும் சேர்ந்ததுதான் இந்தச் சவால். அந்த இழுபறியை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறமா வர்றேன்.

ஏன் இவ்வளவு சின்னச் சதுரம்?

வழக்கமான டைல் 3.5 இன்ச் சதுரம். கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். இன்னும் சின்னதா 2 இன்ச்லயும் உண்டு. நம்ம டேபிள்ல கிடக்கிற மஞ்சள் ஸ்டிக்கி நோட் 3 இன்ச். அப்போ அளவு எவ்வளவுன்னு பிடிபட்டிருக்கும்.

ஒரு ஏ4 தாளை எடுத்து முன்னாடி வைங்க. ஒண்ணும் தோணாது. அந்த வெள்ளை அப்படியே நம்மளைப் பார்க்கும். எங்கே ஆரம்பிக்கணும், எவ்வளவு பெருசா, என்ன படம், எப்போ முடிக்கணும்னு ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடியே பத்து முடிவு எடுத்தாகணும். 9 சென்டிமீட்டர் சதுரம் அந்த ஏ4-ல எட்டுல ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம். கால் மணியிலேர்ந்து அரை மணிக்குள்ள நிறைஞ்சிடும். நல்லா வரலைன்னாலும் போனது ஒரு துண்டுக் காகிதம்.

சதுரமா இருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. நீளம், அகலம் சமம்ங்கிறதால மேல் எது, கீழ் எதுன்னு கிடையாது. வரையுறப்போ கைக்கு எது சௌகரியமோ அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் போடலாம். முடிச்ச பிறகும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, எது பிடிக்குதோ அதை மேல் பக்கம்னு வெச்சுக்கலாம்.

கறுப்பு மை மட்டும்தான். கலர் தேர்ந்தெடுக்குற வேலையும் போச்சு. ரப்பர் கிடையாது. எங்க ஆளுங்க பாஷையில சொன்னா, அண்டூ பட்டன் இல்லாத எடிட்டர். கோடு எங்கேயோ வழுக்கிப் போச்சா? அடுத்த கோட்டை அதுக்கு ஏத்த மாதிரி போடணும். என்ன படம்னு முன்னாடியே முடிவு பண்ணாததால, 'இது தப்பு'ன்னு சொல்றதுக்கு எதிர்ல ஒரு மாதிரிப் படமும் இல்லை.

இந்த முறையோட சூட்சுமமே இதுதான்னு நான் நினைக்கிறேன். நமக்கு மிச்சம் இருக்குற முடிவு ஒண்ணே ஒண்ணு: அடுத்த கோடு. நாள் முழுக்க மீட்டிங், மெசேஜ், 'இதை முதல்ல பண்ணவா, அதை முதல்ல பண்ணவா'ன்னு முடிவெடுத்தே களைச்சுப்போன ஆளுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

கையில எடுத்தா என்ன பண்ணணும்?

பேனாவோட கேட்டுக்கிட்டு இருக்கறவங்க, இப்பவே போடலாம்.

முதல்ல ஒரு மூச்சு இழுத்து விடுங்க. அந்த முறையில இதுதான் முதல் படி, கையில இருக்கிற பேப்பருக்கும் பேனாவுக்கும் மனசுக்குள்ள ஒரு நன்றி. அடுத்து பென்சிலால நாலு மூலையிலும், ஓரத்தைத் தொடாம, ஒரு புள்ளி. அந்த நாலு புள்ளியையும் லேசாச் சேர்த்தா ஒரு பார்டர். ஸ்கேல் வேண்டாம், கோணலா இருந்தாத்தான் நல்லது. அதுக்குள்ள பென்சிலாலயே ஒரு கோடு, கயிறு விழுந்து கிடக்கிற மாதிரி, வளைச்சு விடுங்க. இதுக்கு ஸ்ட்ரிங்னு பேர். இப்போ சதுரம் மூணு நாலு அறையாப் பிரிஞ்சிருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு டேங்கிள். பென்சில் கோட்டை மேல்கோடா வரையணும்னு அவசியமில்லை, எல்லை தெரிஞ்சாப் போதும்.

எந்த டேங்கிளா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கிறது அஞ்சே அஞ்சு அடிப்படைகள்தான்: புள்ளி, நேர்கோடு, சி வளைவு, எஸ் வளைவு, வட்டம். உங்க பேரை ஆங்கிலத்துல கையெழுத்துப் போடத் தெரியும்னா இந்த அஞ்சும் உங்க கைக்கு ஏற்கெனவே தெரியும்.

முதல் அறைக்கு 'கிரசென்ட் மூன்'. அறையோட ஓரத்தை ஒட்டி நகக்கண் மாதிரி குட்டி அரை நிலா வரைஞ்சு உள்ளே கறுப்பு அடிங்க. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு. ஓரம் முழுக்க இப்படிப் போங்க. அப்புறம் ஒவ்வொரு நிலாவையும் சுத்தி, அதோட வடிவத்திலேயே ஒரு கோடு. அந்தக் கோட்டைச் சுத்தி இன்னொரு கோடு. குளத்துல கல் போட்டா அலை விரியுமே, அது மாதிரி. பக்கத்து நிலாவோட அலை வந்து முட்டுற இடத்துல நிறுத்திடுங்க.

ரெண்டாவது அறைக்கு 'ஹாலிபா'. இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் ரெண்டு இணைகோடு, ஒரு ரிப்பன் மாதிரி. இன்னொரு ரிப்பன் குறுக்கே வருது, ஆனா முதல் ரிப்பன் கிட்ட வந்ததும் கோட்டை நிறுத்தி, அந்தப் பக்கம் போய்த் தொடருங்க. ரெண்டாவது, முதலாவதுக்குப் பின்னாடி போற மாதிரித் தெரியும். மூணாவது, இந்த ரெண்டுக்கும் பின்னாடி. ஆறேழு ரிப்பன் போட்டுட்டு நடுவுல மிச்சமான இடத்தைக் கறுப்பா அடிச்சா, தட்டையான பேப்பர்ல ஆழம் வந்துடும். 'முன்னாடி இருக்கிறதை முதல்ல வரை, பின்னாடி இருக்கிறது அதுல மறைஞ்சுபோகட்டும்'ங்கிற ஒரே ஒரு விதிதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'பாரடாக்ஸ்'. ஒரு முக்கோணம் எடுத்துக்கோங்க. ஒரு மூலையிலேர்ந்து நேர்கோடு போடுங்க, ஆனா அடுத்த மூலையைத் தொடாம அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, எதிர்ப்பக்கக் கோட்டுல போய் முட்டட்டும். டைலைத் திருப்புங்க. கோடு முட்டின இடத்திலேர்ந்து மறுபடி அதே மாதிரி. திருப்புங்க, மறுபடி. உள்ளே போகப் போக முக்கோணம் சுழன்றுக்கிட்டே சிறுசாகும். போட்டது எல்லாமே நேர்கோடு, கண்ணுக்குத் தெரியறது வளைவு. கணக்குல இதுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒரு சதுரத்தோட நாலு மூலையில நாலு பூச்சி, ஒவ்வொண்ணும் அடுத்த பூச்சியைத் துரத்துதுன்னா அதுங்க நடக்குற பாதை எப்படி இருக்கும்னு ஒரு பழைய புதிர். விடை, ஒரு சுருள். நீங்க பேனாவால போடுறது ஏறக்குறைய அதே படம்.

கடைசியா, ஒரு கோடு இன்னொரு கோட்டுக்குக் கீழே போற இடத்துலயெல்லாம் பென்சிலால லேசா நிழல் கொடுத்து விரலால தேய்ச்சு விடுங்க. ஓரத்துல ஒரு இனிஷியல். கையை நீட்டி, கொஞ்சம் தூரமா வெச்சுப் பாருங்க. இப்படிப் பார்க்கிறதும் அந்த முறையில ஒரு படிதான், யாரும் அதைத் தாண்டக்கூடாது.

பொருள் பத்தி: ஸ்டேஷனரி கடையில தடிமனான டிராயிங் ஷீட் கேளுங்க. ஏ4 ஒண்ணுல 9 சென்டிமீட்டர் சதுரம் ஆறு வெட்டலாம். மாசத்துக்கு ஆறு ஷீட் போதும், அஞ்சு டைல் மிச்சம். டேங்கிள் போடுறவங்க பயன்படுத்துறது 0.25 மில்லிமீட்டர் கோடு விழுற நுனிப் பேனா, மை தண்ணியில கரையாது. அது இல்லைன்னா கறுப்பு ஜெல் பேனா, ஆனா நல்லாக் காஞ்ச பிறகுதான் நிழலைத் தேய்க்கணும்.

'இது நம்ம கோலம்தானே?'

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். புள்ளி, கோடு, திரும்பத் திரும்ப வர்ற வடிவம், மார்கழி முழுக்க தினம் ஒண்ணு. ஜாடை அப்படியே இருக்கு. ஆனா ஸென்டேங்கிள் கோலத்திலேர்ந்து வந்ததில்லை. உள்ளே போற தர்க்கமும் வேற. சிக்குக் கோலத்துல புள்ளி வரிசைதான் ராஜா. கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி வந்து மூடணும், ஒரு இடத்துல பிசகினா கோலமே பிசகிடும். டேங்கிள்ல பிசகுன்னு ஒண்ணே கிடையாது. கோலம் சாயங்காலத்துக்குள்ள காலடியில கரைஞ்சுடும், டைல் டப்பாவுல சேரும்.

பொதுவா இருக்கறது ஒண்ணு: சின்ன விதி, அதைத் திரும்பத் திரும்பப் போட்டா பெரிய வடிவம். இதை கம்ப்யூட்டர் அறிவியல் ஆளுங்க கோலத்துல எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. தாம்பரத்துல இருக்கிற சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருதிவாசன், மூணு பேரும் 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. வாக்கியத்தை இலக்கண விதியால உண்டாக்குற மாதிரி, கோலத்தையும் விதியால உண்டாக்க முடியும்னு அதுல காட்டினாங்க. காலேஜ்ல கம்பைலர் பாடத்துல 'கிராமர்'னு படிச்சு வெறுத்துப்போனவங்களுக்கு இந்தத் தகவலைச் சமர்ப்பிக்கிறேன்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

'ஸ்ட்ரெஸ் போயிடும், கவனம் கூடும்'னு ரீல்ஸ்ல எல்லாரும் சொல்றாங்க. நான் நம்புற அளவுக்கு மட்டும் சொல்றேன்.

இங்கிலாந்துல ஜாக்கி ஆண்ட்ரேட்னு ஒரு உளவியலாளர் பண்ணின ஆய்வு 2009-ல வெளிவந்தது. 40 பேர். எல்லாருக்கும் ரெண்டரை நிமிஷ, சலிப்பான ஒரு போன் மெசேஜ் போட்டுக் காட்டினாங்க. பாதிப் பேர் கேட்டுக்கிட்டே காகிதத்துல இருந்த சின்ன வடிவங்களுக்குள்ள பென்சிலால அடிச்சாங்க, மீதிப் பேர் சும்மாக் கேட்டாங்க. அடிச்சவங்களுக்கு 29% அதிகமா ஞாபகம் இருந்துச்சு. அதாவது போரடிக்கிற கால்ல கை எதையாவது கிறுக்கினா மனசு வெளியே ஓடுறது குறையலாம். இவங்க போட்டது டேங்கிள் இல்லை, வெறும் கிறுக்கல். அதையும் சொல்லிடணும்.

இன்னொண்ணு, 2016. அமெரிக்காவுல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துல கிரிஜா கைமல் குழு. 39 பேர், 45 நிமிஷம், மார்க்கர், பேப்பர், களிமண்னு இஷ்டப்பட்டதைப் பண்ணலாம். முன்னாடியும் பின்னாடியும் எச்சில் எடுத்து கார்ட்டிஸால் அளவு பார்த்தாங்க. கிட்டத்தட்ட 75% பேருக்குக் குறைஞ்சிருந்துச்சு. கலையில முன் அனுபவம் இருந்தவங்க, இல்லாதவங்கன்னு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க, ஒண்ணும் பண்ணாம 45 நிமிஷம் சும்மா உக்காந்த ஒரு குழு அதுல இல்லை. அதனால 'நல்ல அறிகுறி'ங்கிற அளவுல வெச்சுக்கலாம். மருந்துன்னு சொல்ல முடியாது. தூக்கமே இல்லை, மனசு ரொம்ப இருட்டா இருக்குன்னா டாக்டரைப் பாருங்க, டைலை நம்பி உக்காராதீங்க.

விட்டுப்போன நாள்

இப்போ அந்த மூணாவது விஷயம். நம்ம கேட்கிறவங்கள்ல ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட் பாக்குற நர்ஸ். அக்டோபர்ல ஆரம்பிச்சு 10 நாள் ஒழுங்காப் போட்டாங்க. 11-ஆம் நாள் டபுள் டியூட்டி. 12-ஆம் நாள் வந்து படுத்தவங்க எழுந்திருக்கவே இல்லை. 13-ஆம் நாள் போன்ல பார்த்தா மத்தவங்க எல்லாம் 13 போட்டிருக்காங்க. பேப்பர், பேனா எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பீரோ மேல வெச்சுட்டாங்க. கடைசியில ஒரு கேள்வி கேட்டாங்க: "அண்ணா, நான் எதையுமே முழுசா முடிக்கிற ஆளே இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் நிறைய பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஜிம்ல, மொழி கத்துக்கிற ஆப்ல, இப்போ இதுல. ஒரு நாள் விட்டதும் முழுசாப் போச்சுன்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்புன்னு சொல்ல ஆதாரம் இருக்கு.

லண்டன்ல யூசிஎல் பல்கலைக்கழகத்துல ஃபிலிப்பா லாலி குழு பண்ணின ஆய்வு, 2010-ல அச்சானது. 96 பேர், 12 வாரம். ஒவ்வொருத்தரும் ஒரு புதுப் பழக்கத்தை எடுத்து, அதை ஏற்கெனவே நடக்குற ஒரு வேலையோட கட்டிக்கிட்டாங்க, மதியச் சாப்பாட்டோட ஒரு பழம்ங்கிற மாதிரி. யோசிக்காமலே செய்யுற நிலைக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு. ஆளாளுக்கு 18-லேர்ந்து 254 வரை வித்தியாசம். நமக்கு வேண்டிய முடிவு இது: நடுவுல ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உண்டாகுறதைப் பெருசா பாதிக்கலை.

அப்போ 31 நாள்ங்கிறது ஒரு மாசத்தோட நீளம், அவ்வளவுதான். மனுஷ மூளையோட அளவு கிடையாது. ஆப்ல கவுன்ட்டர் 0 ஆகலாம், கை 0 ஆகாது. 10 டைல் போட்ட கைக்கு ரிப்பனுக்குப் பின்னாடி ரிப்பன் எப்படிப் போகும்னு தெரியும். பீரோ மேல வெச்சா அது மறந்துபோகப் போறதில்லை. இங்க்டோபரை ஆரம்பிச்ச ஜேக் பார்க்கரோட விதியிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள், இல்லைன்னா வாரத்துக்கு ஒண்ணுன்னு போடவும் இடம் இருக்கு. தினமும் போட்டே ஆகணும்னு கட்டாயம் பண்றது நாமதான்.

ஒண்ணு ஒத்துக்கணும். எண்ணிக்கையும் மத்தவங்க பார்வையும் சிலருக்கு உதவும். நாளைக்கு போஸ்ட் பண்ணணுமேன்னுதான் இன்னைக்கு உக்கார்றவங்க இருக்காங்க. உங்களுக்கு அது உந்துதலா இருந்தா தாராளமா வெச்சுக்கோங்க. ஆனா டைலைப் பார்க்கிறப்போ ஆபீஸ் டிக்கெட்டைப் பார்க்கிற உணர்வு வந்துச்சுன்னா, முடிவுகளைக் குறைக்க வந்த விஷயம் இன்னொரு வேலையா மாறிடுச்சுன்னு அர்த்தம்.

அதுக்கு நான் பண்ற ஏற்பாடு நாலு.

ஒண்ணு, டைலுக்குப் பின்னாடி தேதி போடாதீங்க, நம்பர் போடுங்க. தேதி போட்டா 11, 12 இல்லைங்கிற ஓட்டை தெரியும். நம்பர் போட்டா 10-க்கு அப்புறம் 11 வரும், அது என்னைக்கு வந்தா என்ன?

ரெண்டு, மாச ஆரம்பத்துலயே எல்லாச் சதுரத்தையும் வெட்டி, மூலைப் புள்ளியும் வெச்சுடுங்க. களைச்சுப்போன ராத்திரியில கத்தரிக்கோல் தேடவே கூடாது.

மூணு, வாரத்துக்கு ஒரு டேங்கிள். தினம் புதுசுன்னு பட்டியலைத் துரத்தினா, கத்துக்கிறதுலயே நேரம் போயிடும். ஒரே பேட்டர்னை ஏழு தடவை போட்டுப் பாருங்க, நாலாவது தடவையில கை தானாப் போகும். மரியா தாமஸ் சொன்ன அந்த அமைதி அங்கேதான் இருக்கு.

நாலு, ஏற்கெனவே நடக்குற ஒண்ணோட கட்டுங்க. எனக்கு ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு தட்டைக் கழுவின கையோட. ஆன்-கால் வாரத்துல லேப்டாப் பக்கத்திலேயே டைல் இருக்கும். அலர்ட் வந்தா பாதியில நிறுத்திடுவேன். பாதி டைலும் டைல்தான். புது போன் வாங்கின அட்டைப்பெட்டியில எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்கேன், அழகு வரிசை எதுவும் கிடையாது.

அந்த நர்ஸ் தங்கச்சிக்கு நான் அனுப்பின பதில் ரெண்டு வரி: "பீரோ மேலேர்ந்து கவரை இறக்குங்க. அடுத்ததுக்குப் பின்னாடி 11-ன்னு எழுதுங்க."

கேட்டுக்கிட்டு இருக்கிற உங்களுக்கும் அதேதான். இது அக்டோபரா, பிப்ரவரியா, செவ்வாய்க்கிழமையான்னு பார்க்க வேண்டாம். ஒரு ஸ்டிக்கி நோட்டைக் கிழிச்சு நாலு மூலையில நாலு புள்ளி வைங்க. கிரசென்ட் மூன்ல எங்கேயாவது சிக்கினீங்கன்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசிடலாம். பார்ப்போம் மக்களே.